புதுவையின் இரு அஞ்சல் நிலையங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மத்தூர் வழியாக ஊற்றங்கரையை அடைந்து, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி ஆகிய ஊர்களைக் கடந்து திண்டிவனத்தை எய்துகின்றது. அங்கிருந்து புதுச்சேரி அண்மையிலேயே உள்ளது. காலையில் மத்தூரில் பேருந்து ஏறும் ஒருவர், பொழுது சாயுமுன் புதுவைக் கடற்கரையில் நிற்கலாம். நீ யார், எந்நாட்டான் என்று அவரை வழியில் மறித்து வினவுவார் எவருமிலர். நூறாண்டுகளுக்கு முன்னர் இந்நிலை இல்லை. அக்காலத்தில் இச்சாலையின் கிழக்கு முனையில் பிரெஞ்சு நாட்டின் ஆட்சி நிலவியது. அங்கும் பேசும் மொழி தமிழே. உண்ணும் சோறும் உடுக்கும் உடையும் ஒன்றே. ஆயினும் கொடி வேறு, சட்டம் வேறு, அஞ்சல் தலையும் வேறு.

மத்தூர்ப் பகுதி அன்று சேலம் மாவட்டத்தைச் சார்ந்து, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. வடமேற்கே ஓசூரைக் கடந்தால் மைசூர் மன்னரின் நாடு. அந்நாட்டில் பதினேழாம் நூற்றாண்டிலேயே, சிக்கதேவராய உடையார் காலத்தில், ‘அஞ்செ’ என்னும் பெயரால் அரசின் தபால் அமைக்கப்பெற்றது. அஞ்செ ஊழியர் ஓலை சுமந்ததோடு நில்லாமல், ஆங்காங்கு நிகழ்வனவற்றை மறைவாக அறிந்து அரசனுக்கு உரைப்பாராயும் இருந்தனர் என்று மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் என்பார் குறித்துள்ளார். 1889-ஆம் ஆண்டில் அவ்வஞ்செ இந்தியத் தபாலோடு இணைந்துவிட்டது. கடிதம் சுமக்கும் கையே ஒற்றனின் கையாகவும் அமையக்கூடும் என்னும் இச்செய்தி, புதுவையில் நிகழ்ந்ததை அறிதற்குத் துணை செய்யும்.

வேற்றூரில் வாழ்வானுக்கு முடங்கல் எத்துணை அரியது என்பதை நம் பழைய காப்பியமே காட்டியுள்ளது. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை முடங்கல் விடுக்கின்றாள். வசந்தமாலை கொண்டு சென்ற முதல் முடங்கலைக் கோவலன் ஏற்க மறுத்துவிடுகின்றான். அவன் ஊர் நீங்கி மதுரைக்குச் செல்லும் வழியில், கௌசிகன் என்னும் அந்தணன் இரண்டாம் முடங்கலைக் கொணர்கின்றான். அதனை மூடிய இலச்சினையின் மணமே எழுதியவள் இன்னாள் என்பதைக் கோவலனுக்கு உணர்த்துகின்றது. படித்து முடித்த அவன், அதிலுள்ள சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் எழுத வேண்டியவற்றிற்கும் பொருந்தும் எனக் கண்டு, அவ்வோலையையே அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கௌசிகனை வேண்டுகின்றான். இலச்சினை உடையாமல் வந்து சேர்ந்தமையாலன்றோ அது கடிதமாயிற்று! இடையில் ஒருவன் அதனைப் பிரித்துப் படித்திருப்பின், மாதவியின் நெஞ்சம் வழிப்போக்கர்க்கு வேடிக்கைப் பொருளாய் முடிந்திருக்கும்.

தனிமனிதரை நம்பி ஓலை விடுத்த காலம் மாறி, அரசை நம்பிக் கடிதம் இடும் காலம் பிறந்தது. ஆயினும் ஒரு நாட்டின் கடிதம் மற்றொரு நாட்டில் செல்லுவதற்குப் பெருந்தடைகள் இருந்தன. கட்டணத்தை எந்நாடு பெறுவது, எவ்வாறு பகிர்வது என்னும் வழக்குகள் முடிவின்றி நீண்டன. 1874-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு நாடும் தான் விற்ற அஞ்சல் தலையின் பணத்தைத் தானே வைத்துக்கொள்ளும். வேற்று நாட்டுத் தலை ஒட்டி வந்த கடிதத்தையும் தன் நாட்டில் மறுகூலி கேளாமல் உரியவரிடம் சேர்க்கும். அஞ்சலைப் பொறுத்தவரை அந்நாடுகள் யாவும் ஒரே நிலப்பரப்பாகக் கருதப்படும். இவ்வுடன்படிக்கையில் ஆங்கில இந்தியாவும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளும் 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சேர்ந்தன. அதனால் புதுவையில் ஒட்டப்பட்ட பிரெஞ்சுத் தலைக்குச் சென்னையிலும் மதிப்பு உண்டாயிற்று.

புதுவையில் அந்நாளில் அஞ்சல் நிலையங்கள் இரண்டு வகையாக இருந்தன. ஒன்று பிரெஞ்சு அரசினுடையது. 1892 முதல் அந்நிலையத்தில் பிரெஞ்சிந்தியாவுக்கென்றே அச்சிட்ட தலைகள் விற்கப்பட்டன. கடைத்தெருவில் வழங்கியது உரூபாயாக இருந்தும், அத்தலைகளின் விலை பிரெஞ்சு நாணயமாகிய சாந்திம் கணக்கிலேயே குறிக்கப்பட்டது. 1923-ஆம் ஆண்டில்தான் அவற்றின்மேல் பணம், காசு என்னும் நாட்டு வழக்குப்படி விலை மறுமுறை அச்சிடப்பட்டது. ஓர் உரூபாய்க்கு 8 பணம், ஒரு பணத்திற்கு 24 காசு என்பது அக்கணக்கு. மற்றொன்று, ஆங்கில இந்திய அரசு தனக்கென அவ்வூரில் நடத்திய நிலையம். அதில் ஆங்கில மன்னரின் தலை பொறித்த அணாத் தலைகள் விற்கப்பட்டன. கடிதமும் அட்டையும் பணவிடையும் இந்தியாவின் எந்த மூலைக்கும் உள்நாட்டுத் தபால் போலவே அங்கிருந்து சென்றன. புதுவை வணிகர்க்கும் குடும்பத்தார்க்கும் இவ்வாங்கில நிலையமே பெரிதும் பயன்பட்டது. வேற்றுநாட்டு நகரில் இருந்துகொண்டே தம் நாட்டு அஞ்சலைப் பெறுவது ஒரு வசதியேயாகும். ஆனால் தம் நாட்டரசுக்குப் பகையாகி அந்நகரில் புகுந்தவர்க்கு, அவ்வசதியே பொறியாக மாறியது.

1908-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சுப்பிரமணிய பாரதியார் புதுவைக்கு வந்து சேர்ந்தார். சென்னையில் அவர் எழுதி வந்த ‘இந்தியா’ என்னும் வார இதழின்மேல் அரசு சீற்றங்கொண்டிருந்தது. வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவ்வாண்டு சூலையில் கடுந்தண்டனை பெற்றிருந்தனர். ‘இந்தியா’ இதழின் வெளியீட்டாளராகப் பதிவு பெற்றிருந்தவர் ஆகஸ்டில் சிறைப்பட்டார். அடுத்துச் சிறை புக வேண்டியவர் பாரதியாரே என்று நண்பர்கள் அஞ்சினர். புதுவை பிரெஞ்சு மண். ஆங்கிலப் போலீசார் அங்கே அவரைப் பற்றுதற்கு உரிமையில்லை. அன்றியும், 1881-இல் பிரான்சு இயற்றிய பத்திரிகைச் சட்டம் அச்சுத் தொழிலுக்குப் பெரும் உரிமை வழங்கியிருந்தது. எனவே அக்டோபர்த் திங்களில் ‘இந்தியா’ மீண்டும் வெளிவரலாயிற்று. ‘விஜயா’ என்னும் நாளிதழும் பின்னர்த் தோன்றியது.

அச்சகம் புதுவையில் இருந்தது. இதழைப் படிப்போரோ பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் சென்னையிலும் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் இருந்தனர். இரண்டிற்கும் இடையே இருந்த பாலம் அஞ்சல் ஒன்றே. இதழ் வாசகரிடம் செல்லுவதும் அஞ்சலால். சந்தாப் பணம் அச்சகத்திற்கு வருவதும் அஞ்சலால். செய்தி எழுதுவோர் கடிதம் வருவதும் அஞ்சலால். இதனை ஆங்கில அரசு நன்கு உணர்ந்திருந்தது. புதுவை அச்சகத்தின் கதவைத் தட்டுவதற்கு அதற்கு உரிமை இல்லாமற் போகலாம். அஞ்சற் பையின் வாயை அவிழ்ப்பதற்கு அவ்வுரிமை தேவையில்லை.

1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டத்தில் 26-ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. பொது நெருக்கடி நேர்ந்த காலத்தும், பொதுமக்களின் பாதுகாப்பையும் அமைதியையும் கருதியும், அஞ்சலிற் செல்லும் எப்பொருளையும் இடைமறித்துக் கைப்பற்றலாம் என்று அரசு எழுத்து மூலம் ஆணையிடுதற்கு அப்பிரிவு இடந்தந்தது. அதன்மேல் 1910-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியப் பத்திரிகைச் சட்டம் வந்தது. ஆட்சிக்கு எதிரான இதழோ நூலோ உள்ளே இருக்கலாம் என ஐயுற்ற கட்டினை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அது அஞ்சல் நிலைய அலுவலர்க்கே அளித்தது.

‘இந்தியா’, ‘விஜயா’ ஆகிய இரண்டும் ஆங்கில இந்தியாவிற்குள் வருதல் 1909-இல் தடுக்கப்பட்டது. புதுவைக்கு வரும் கடிதங்கள் பிரிக்கப்பட்டன; இதழ்க்கு அனுப்பிய பணமும் தடைப்பட்டது. சந்தாதாரர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். தம் ஊர்த் தபாலாபீசில் ‘புதுச்சேரி, இந்தியா ஆபீசு’ என்று முகவரி எழுதிப் பணவிடைத் தாளை நீட்டுகின்றவர், தம் பெயரையும் ஊரையும் அத்தாளிலேயே எழுதித் தருகின்றார். பணம் போய்ச் சேராமல் நிற்பது ஓர் இழப்பு; பெயர் போலீசாரின் ஏட்டில் ஏறுவது அதனினும் பேரிழப்பு. அரசுப் பணியில் உள்ளோரும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோரும் அதற்கு அஞ்சியது இயல்பே. அவர்களைக் கோழைகள் என இகழ்தல் எளிது. அந்நாளில் வாழ்ந்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

பிரெஞ்சு அஞ்சலைப் பயன்படுத்தியிருக்கலாகாதோ என்று மாணவர்க்கு ஓர் ஐயம் தோன்றலாம். அந்நிலையத்தில் இட்ட கடிதத்தை ஆங்கில அலுவலர் புதுவையில் தொட முடியாது என்பது உண்மையே. பிரான்சுக்குச் செல்லும் கடிதமாயின், அது பிரெஞ்சுக் கப்பலேறிப் பத்திரமாய்ச் சென்றுவிடும். ஆனால் பாரதியாரின் வாசகர் பிரான்சில் இல்லையே! சென்னைக்குச் செல்லும் பை விழுப்புரம் வரை இருப்புப்பாதையிற் சென்று, ஆங்கில எல்லையுள் புகுந்தாக வேண்டும். பெர்ன் உடன்படிக்கையின்படி, எல்லைக்கு அப்பால் அதனைக் கொண்டு சேர்ப்பவர் ஆங்கில அஞ்சல் ஊழியரே. பிரெஞ்சுத் தலை கட்டணத்தைத்தான் தீர்த்தது, காப்பினைத் தரவில்லை. ஒருவகையில், பிரெஞ்சுத் தலை ஒட்டிய உறை ஐயத்தை வலிய அழைக்கும் அடையாளமாகவும் அமைந்திருக்கும்.

ஆகவே புதுவையில் அடைக்கலம் புகுந்தோர் வேறு வழிகளை நாடினர். 1910 ஏப்ரலில் அங்கு வந்த அரவிந்தர், சந்திரநாகூரில் இருந்த மோதிலால் ராய் என்பவர்க்குக் கடிதம் எழுதுங்கால், செய்திகளைத் தாந்திரிக வழிபாட்டுச் சொற்களால் மறைத்து எழுதினார். சந்திரநாகூரும் பிரெஞ்சு ஊரே; எனினும் புதுவைக்கும் அதற்கும் இடையே கிடந்த நிலம் முழுவதும் ஆங்கிலேயருடையது. இவ்வாறு ஒரே ஆட்சியின்கீழ் இருந்த ஈரூரார், தம்முள் பூசை பற்றிப் பேசுவார் போலப் பேச வேண்டியிருந்தது.

‘இந்தியா’ இதழ் 1910 மார்ச்சுத் திங்களோடு நின்றுவிட்டது. பிரெஞ்சு அதிகாரி எவரும் அதனை மூடவில்லை. அச்சுப்பொறியை எவரும் உடைக்கவில்லை. எழுதும் கைக்கு விலங்கிடவுமில்லை. வாசகர்க்கும் இதழ்க்கும் இடையிலிருந்த வழி அடைபட்டது, அவ்வளவே. வாய்க்காலை அடைத்துவிட்டால் ஏரி நிறைந்திருந்தும் வயல் வாடுமன்றோ!

1911 சூன் 17-ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில் ஆட்சித் தலைவர் ஆஷ் கொல்லப்பட்டதும், புதுவையில் இருந்த நாட்டுப்பற்றாளர்மேல் கண்காணிப்பு பன்மடங்காயிற்று. ஆங்கில அரசின் ஒற்றர் பலர் புதுவையிலேயே தங்கி, யார் வருகின்றார், யார் போகின்றார் என்று நோக்கியிருந்தனர். பாரதியாரின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் இரு நூல்களும் ஆங்கில இந்தியாவில் தடை செய்யப்பட்டன. வறுமை அவர் இல்லத்தில் குடிபுகுந்தது. அந்நாளிலேயே ‘பாஞ்சாலி சபத’த்தின் முற்பகுதி 1912-இல் அச்சேறியது, ‘கண்ணன் பாட்டு’ம் ‘குயில் பாட்டு’ம் புதுவை தந்த செல்வங்களே. இதழ் நின்றதனால் அன்றோ இக்காவியங்கள் தமிழுக்குக் கிடைத்தன என்று மகிழ்ந்து பேசுவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. எழுதியதை அனுப்பவும், அனுப்பியதற்கு மறுமொழி பெறவும் வழியின்றி ஒருவன் வருந்திய பத்தாண்டுகளை, பாட்டின் சுவை கருதி நல்லதென்று சொல்லுதல் முறையாகாது. தடை இல்லாதிருந்தால் அவர் இன்னும் எவ்வளவு எழுதியிருப்பாரோ, யார் கண்டார்?

மறைவாகச் செல்லும் கடிதம் பிரிக்கப்படும் காலத்தில், யாவரும் படிக்கவென்றே எழுதும் கடிதத்திற்கு ஒரு தனிவலிமை உண்டு. பிரித்துப் பார்ப்பதற்கு அதில் மறைபொருள் ஒன்றுமில்லை. பாரதியார் சென்னை ‘இந்து’ நாளிதழுக்குப் புதுவையிலிருந்து ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதினார், அவை அச்சேறின. தம்மீதும் தம் நண்பர்மீதும் சுமத்தப்பட்ட பழிகளுக்கு அவற்றில் விடை கூறினார். 1915-க்குப் பின் ‘சுதேசமித்திரன்’ இதழில் அவர் கட்டுரைகள் மிகுதியாக வரலாயின. சக்திதாசன், காளிதாசன் முதலிய புனைபெயர்களும் அவற்றிற் காணப்பட்டன. பரலி சு. நெல்லையப்பர் என்னும் இளைஞர்க்கு அவர் தம்பி என விளித்து எழுதிய கடிதங்கள் தமிழுரைநடைக்கே அணிகலன்கள். அந்நெல்லையப்பர்தாம் 1917-இல் ‘கண்ணன் பாட்டு’, ‘நாட்டுப் பாட்டு’, ‘பாப்பாப் பாட்டு’ முதலியவற்றைச் சென்னையில் பதிப்பித்தார். எல்லை தாண்டிச் செல்ல இயலாமல் இதழ் மடிந்தது. பாட்டு எவ்வாறோ எல்லையைத் தாண்டிவிட்டது.

1918 நவம்பர் 20-ஆம் நாள் பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டார். எல்லை கடந்ததும் சிறைப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பெற்றார். அங்கிருந்து அம்மாதம் 28-ஆம் நாள் ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பத்தாண்டுகள் ஆங்கில அரசு அவர் கடிதங்களை அவருக்குத் தெரியாமற் படித்தது. இக்கடிதமோ அவ்வரசு படித்தற்கென்றே அவரால் எழுதப்பட்டது. டிசம்பர்த் திங்களில் அவர் விடுதலை பெற்றார். ஆயினும், குறித்த சில இடங்களிலேயே தங்க வேண்டும், எழுதுவனவற்றை வெளியிடுமுன் போலீசு அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்னும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. புதுவையில் மறைவாக நடந்தது, தாயகத்தில் வெளிப்படையாக நடக்கலாயிற்று.

கடையத்தில் தங்கியிருந்த காலத்தில், 1920-ஆம் ஆண்டு, தம் நூல்கள் அனைத்தையும் அச்சிடக் கருதி நண்பர்கள் பலர்க்குச் சுற்றறிக்கை ஒன்று விடுத்தார். நூறு நூறு உரூபாயாகக் கடன் தருமாறு அதில் வேண்டியிருந்தார். அப்பொழுது அஞ்சலைத் தடுப்பார் இல்லை. எனினும் அவர் எதிர்பார்த்த பொருள் வந்து சேரவில்லை. பல்லாண்டுகள் வழி அடைபட்டுக் கிடந்தமையால், கொடுக்கக்கூடியோர் பலரின் தொடர்பு அதற்குள் அறுந்து போயிருந்தது எனக் கருத இடமுண்டு. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் நெடுங்காலம் நின்று நிலவிற்று. அதற்கு மாற்றாக 2023-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2024 சூன் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அஞ்சலில் செல்லும் பொருளை இடைமறிக்கும் அதிகாரம், காரணங்கள் குறிக்கப்பட்டு, அதிலும் இடம்பெற்றுள்ளது. எக்காலத்தும் அரசுகள் இவ்வதிகாரத்தைக் கைவிட விரும்பியதில்லை போலும்.

1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுவை இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. ஈரஞ்சல் நிலைமை அன்றோடு ஒழிந்து, பணமும் காசும் குறித்த பிரெஞ்சுத் தலைகள் அஞ்சல் தலை திரட்டுவோரின் ஏடுகளிற் புகுந்தன. 1960 செப்டம்பர் 11-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை பாரதியாரின் உருவம் பொறித்த தலை ஒன்றை வெளியிட்டது. அதன் விலை 15 நயா பைசா. உள்நாட்டுக் கடித உறை ஒன்றிற்கு அந்நாளில் உரிய கட்டணமும் அதுவே. ஆதலின், அவ்வாண்டில் மத்தூரிலிருந்து புதுவைக்குக் கடிதம் எழுதியவர், உறையின்மேல் அத்தலை ஒன்றை ஒட்டினாலே போதுமானதாயிருந்தது.